நம்மை நாமே அறிமுகம் செய்துகொள்வது எப்படி?
(சிறுதொழில் செய்வோருக்கு ஒரு பாடம்)

சில மாதங்களுக்கு முன் நம் சங்கக் கூட்டம் முடிந்து, எல்லாரும் காபி குடித்துக்கொண்டு நின்றிருந்தோம். அப்போது உறுப்பினர் ஒருவரின் மனைவி என்னிடம் தயங்கித் தயங்கி வந்தார். சொந்த ஊர் வள்ளியூர்ப் பக்கம். திருமணமாகித் திருவனந்தபுரத்துக்கு வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. கணவர் வேலை பார்த்த இடத்தில் ஆட்களைக் குறைத்தார்கள். அதில் அவருக்கும் வேலை போயிற்று. இரண்டு குழந்தைகள் படிக்கிறார்கள். வீட்டில் ஒரு தையல் இயந்திரம் இருக்கிறது. இதுவரை தெரிந்தவர்களுக்கு மட்டும் தைத்துக் கொடுத்தவர், இனி அதையே தொழிலாகச் செய்ய வேண்டிய நிலை.

"அண்ணாச்சி, பிளவுஸ் தைக்கேன்னு ஒரு நோட்டீஸ் போடணும். என்னைப் பத்தி நானே பெருமையா எழுத வெக்கமா இருக்கு. எழுதாம இருந்தா ஒருத்தருக்கும் தெரிய மாட்டேங்கு. என்ன செய்ய?" என்று கேட்டார்.

கையில் ஒரு தாள் வைத்திருந்தார். உறவுக்காரப் பையன் ஒருவன் எழுதிக் கொடுத்ததாம். "நகரின் நம்பர் 1 லேடீஸ் டெய்லர்! 15 ஆண்டு அனுபவம்! எல்லா மாடல்களும் ஒரே நாளில்! 100 சதவீதம் திருப்தி!" என்று அதில் இருந்தது. "எத்தனை வருஷமா தைக்கியம்மா?" என்று கேட்டேன். "ஆறு வருஷம்தான் அண்ணாச்சி" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

அவருக்கு நான் சொன்ன விடையைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். நம் குடும்பங்களில் இன்று பலர் சொந்தமாகத் தொழில் செய்கிறார்கள். டியூஷன் எடுப்பவர்கள், முறுக்கு, அதிரசம் செய்து விற்பவர்கள், வீட்டிலிருந்தே கணக்கு எழுதுபவர்கள், மொழிபெயர்ப்பவர்கள், மின்வேலை செய்பவர்கள் என்று பலவகையினர். எல்லாருக்கும் இந்தக் கேள்வி உண்டு.

வெளியூரில் இருப்பவர்களுக்கு இது இன்னும் கடினமான கேள்வி. சொந்த ஊரில் "இவர் இன்னார் மகன்" என்று ஒருவர் சொன்னால் போதும். கடை நடத்தலாம், கடனும் வாங்கலாம். இங்கே நம் பாட்டனாரை யாருக்கும் தெரியாது. ஆகவே நாம் வாய் திறக்கத்தான் வேண்டும். எதைச் சொல்வது, எந்த அளவுக்குச் சொல்வது என்பதே பாடம்.

ஓர் அச்சுக்காரனின் அனுபவம்

நான் பெரிய வியாபாரி அல்லன்; அச்சுக்காரன். அம்பாசமுத்திரத்திலிருந்து பிழைப்புத் தேடி வந்து, 1984இல் சாலைக் கடைத்தெருவை ஒட்டிய ஒரு சந்தில் சிறிய அச்சகம் வைத்தேன். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாஸ் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் உருவாக்கிய அந்தக் கடைத்தெருவில் அன்றும் இன்றும் தமிழ் பேசும் வணிகர்கள் பலர். அவர்களுடைய பில் புத்தகம், நோட்டீஸ், விசிட்டிங் கார்டு எல்லாம் என் டிரெடில் இயந்திரத்தில் அடித்தவைதாம். ஒவ்வோர் எழுத்தாகக் கையால் கோத்த காலம் அது. "தரமான", "நம்பகமான", "மிகக் குறைந்த விலையில்", "நகரின் முதன்மையான" என்ற சொற்களை எத்தனை முறை கோத்திருப்பேன் என்பதற்குக் கணக்கில்லை. ஒரே நாளில் மூன்று கடைகளுக்கு "நகரின் முதன்மையான" என்று அடித்துக் கொடுத்ததும் உண்டு. மூன்றும் ஒரே தெருவில் இருந்தன.

மற்றவர்களைச் சொல்வதற்கு முன் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். அச்சகம் தொடங்கிய இரண்டாம் ஆண்டு, என் பில்லின் அடியில் "எந்த வேலையும் 24 மணி நேரத்தில்" என்று அச்சடித்துக்கொண்டேன். அதைப் பார்த்து ஒருவர் மகள் கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்தார். தமிழிலும் மலையாளத்திலும் வேண்டும். மறுநாள் இரவு வண்டியில் ஊருக்குப் போய்ச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்றார். மலையாள எழுத்து என்னிடம் குறைவாகத்தான் இருந்தது. அது தெரிந்தும் சரி என்றேன். மறுநாள் மின்சாரம் வேறு போயிற்று. அவர் என் கடை பெஞ்சில் இரவு பதினொரு மணிவரை உட்கார்ந்திருந்தார். பத்திரிகை கைக்குக் கிடைக்க மேலும் இரண்டு நாள் ஆயிற்று.

அவர் சத்தம் போடவில்லை. பணத்தைக் குறைக்கவும் இல்லை. "முடியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருந்தா வேற இடத்துல கொடுத்திருப்பேனே தம்பி" என்று மட்டும் சொன்னார். பெரியவர் சிலரை நேரில் அழைக்க முடியாமல் போயிற்று என்று பிறகு கேள்விப்பட்டேன். கல்யாணத்துக்கு நேரில் வந்து அழைக்கவில்லை என்றால் நம்மவர்கள் அதை எத்தனை ஆண்டுகள் நினைவில் வைத்திருப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். நான் பில்லில் சேர்த்த ஒரே ஒரு வரியால் வந்த வினை அது.

அடுத்த கட்டு பில் அடிக்கும்போது அந்த வரியை எடுத்துவிட்டு, "கல்யாணப் பத்திரிகைக்கு 4 நாள் வேண்டும்" என்று போட்டேன். அவசர வேலைகள் சில கைவிட்டுப் போயின என்பது உண்மை. ஆனால் வந்தவர்கள் தேதியை நம்பி வந்தார்கள். அவர்களுள் சிலருடைய பேரப்பிள்ளைகளின் கல்யாணப் பத்திரிகையும் இன்று எங்கள் அச்சகத்திலேதான் அடிக்கப்படுகிறது.

எழுத்தில்லாத நோட்டீஸ்

இனி, தன்னைப் பற்றி மிகைப்படச் சொல்லாமலே இந்த ஊரில் பெயர் பெற்ற ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். தம்பானூரில் ரயில் நிலையத்துக்கும் பஸ் நிலையத்துக்கும் அருகில் இருக்கும் இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். கோபுரம் போல வட்டமாக எழும் செங்கல் கட்டடம். உள்ளே மாடிப்படி கிடையாது. சுழன்று சுழன்று மேலேறும் சாய்தளத்தின் ஓரமாகவே மேசையும் இருக்கையும். சுவரில் விட்ட துளைகள் வழியே காற்றும் வெளிச்சமும் வருகின்றன. சிறிய, கோணலான ஓர் இடத்தில் இத்தனை பேர் உட்கார வழி செய்தவர் லாரி பேக்கர்.

பேக்கர் 1917ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரில் பிறந்தவர். அங்கேயே கட்டடக் கலை படித்தார். இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவத் தொண்டுக் குழுவுடன் சீனாவுக்குச் சென்றார். திரும்பும் வழியில் பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாட்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். பிறகு தொழுநோயாளர் தொண்டுக்காக இந்தியா வந்து, கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத்தை 1948இல் மணந்தார். இருவரும் இமயமலையில் பித்தோராகட் பகுதியில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தனர். பிறகு வாகமண் வந்து, அங்கிருந்து 1970ஐ ஒட்டித் திருவனந்தபுரத்தில் குடியேறினர். 1990இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. 2007 ஏப்ரல் 1ஆம் தேதி, தம் 90ஆம் வயதில் இந்த ஊரிலேயே காலமானார்.

அவருடன் நேரில் பேசிப் பழகும் வாய்ப்பு எனக்குக் கிடைக்கவில்லை. அவருடைய கட்டடங்களையும் சிறு நூல்களையும்தான் எனக்குத் தெரியும். அவரும் நம்மைப் போலவே வெளியூரிலிருந்து இங்கு வந்து, ஏறத்தாழ 50 வயதுக்கு மேல் புதிதாக வாடிக்கையாளர்களைத் தேட வேண்டியிருந்தவர். அதனால்தான் அவரை உதாரணமாக எடுத்துக்கொண்டேன். அவர் தொழிலில் கடைப்பிடித்த முறைகளுள் நான்கு நமக்கும் பயன்படும்.

முதலாவது: வேலையை மூடி மறைக்காமல் காட்டினார். பேக்கர் கட்டிய வீடுகள் பலவற்றில் சுவருக்கு மேற்பூச்சு இருக்காது. பூச்சு இல்லாவிட்டால் கொத்தனார் செய்த பிழை ஒவ்வொன்றும் வெளியே தெரியும். அந்தத் துணிவுக்கு நல்ல கை வேண்டும். செலவும் மிச்சம். செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டும் முறையை அவர் பரவலாகக் கையாண்டார். எலிப்பொறிக் கட்டு என்று பெயர். சாதாரண ஒன்பது அங்குலச் சுவரைவிட ஏறத்தாழக் கால் பங்கு செங்கல் இதில் மிச்சமாகும். வெயிலும் எளிதில் உள்ளே இறங்காது. கூரையிலும் அவ்வாறே. கான்கிரீட்டின் அடிப்பாகத்தில் அதிகப் பயனில்லாத இடங்களில் பழைய ஓடுகளை வைத்துக் கான்கிரீட்டைக் குறைத்தார். அந்த ஓடுகளும் கீழிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும். "செலவைக் குறைக்கிறேன்" என்று அவர் சொன்னால், எங்கே குறைத்தார் என்பதை வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தே அறிந்துகொள்ளலாம்.

இரண்டாவது: தாம் விற்றதைத் தாமே பயன்படுத்தினார். நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அவர் கட்டிக்கொண்ட "ஹாம்லெட்" என்ற வீடு, மற்றவர்களுக்குச் சொன்ன அதே முறைகளில், பழைய பொருள்களையும் சேர்த்துக் கட்டியதுதான். வந்து கேட்பவர்களுக்கு அந்த வீடே மாதிரி.

மூன்றாவது: தெரிந்ததை ஒளித்து வைக்கவில்லை. வீடு கட்டும் செலவைக் குறைப்பது எப்படி, மண்ணால் கட்டுவது எப்படி என்பன பற்றித் தம் கையெழுத்திலேயே எழுதி, தாமே படம் வரைந்து சிறு நூல்களாகத் தந்தார். 1985இல் சி. அச்சுத மேனன், கே.என். ராஜ் முதலியோருடன் சேர்ந்து உருவாக்கிய காஸ்ட்ஃபோர்டு அமைப்பு அவற்றை வெளியிட்டது. படிப்பவர் அந்த முறையில் தாமே கட்டிக்கொள்ளலாம். தொழில் இரகசியத்தை வெளியே சொன்னால் பிழைப்புக் கெடும் என்று நாம் நினைப்போம். அவருக்கு நேர்மாறாகத்தான் நடந்தது. படித்தவர்கள் இவருக்கு விஷயம் தெரியும் என்று அறிந்துகொண்டார்கள்.

நான்காவது: வேலை நடக்கும் இடத்தில் தாமே நின்றார். கட்டடக் கலைஞர் படம் வரைந்து கொடுப்பதும் ஒப்பந்தக்காரர் கட்டுவதும் பொதுவான வழக்கம். பேக்கர் கொத்தனார்களுடன் நின்று, இடத்தையும் மரத்தையும் பார்த்துப் பார்த்து வரைந்தார். பழைய தாள்களின் பின்பக்கத்தில் வரைவது அவர் வழக்கம். யார் பெயரைச் சொல்லி வேலை பிடித்தாரோ அவரே வேலையிலும் இருந்தார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல வேலை செய்தால் போதும், உலகம் தானே தேடி வரும் என்பது முழு உண்மை அன்று. திருவனந்தபுரத்தில் பேக்கருக்குத் தொடக்கத்தில் ஆதரவு தந்தவர்களுள் பேராயர் பெனடிக்ட் மார் கிரிகோரியோஸ் ஒருவர். 1970களின் தொடக்கத்தில் உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்துக்குக் கட்டடங்கள் கட்டும் பணி வந்தபோது, பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் அவரை நம்பினார். கட்டடக் கலைஞர்கள் தம் சேவையை விளம்பரம் செய்யக் கூடாது என்பது 1989ஆம் ஆண்டின் தொழில் நடத்தை விதி. ஆனால் கண்டவர் சொல்லிப் பரவுவதை எந்த விதியும் தடுப்பதில்லை. அப்படிச் சொல்வதற்கு முதலில் சிலர் காண வேண்டும். அதற்கு நாம்தான் கதவைத் திறந்து வைக்க வேண்டும்.

பேக்கர் புகழ் பெற்ற பிறகு "பேக்கர் பாணி வீடு" என்பது ஒரு விளம்பரப் பெயராகவே ஆயிற்று. வெளியே மட்டும் செங்கல் தெரியும்படி அலங்காரமாக ஒட்டி, உள்ளே செலவைக் கூட்டினாலும் அந்தப் பெயரைச் சொல்லிவிடலாம். செங்கல் நிறம் மட்டும் பேக்கர் ஆகாது. மற்றவருடைய சொற்களையும் படங்களையும் எடுத்து நம் நோட்டீஸில் போடுவதும் இத்தகையதே.

நம் முன்னோர் வழி

இது வெளிநாட்டவர் ஒருவர் கற்பித்த புதுப்பாடம் என்று நினைக்க வேண்டாம். கடைவீதியில் கொடி கட்டிப் பொருளை அறிவிக்கும் வழக்கத்தைச் சங்க இலக்கியமே காட்டுகிறது. பட்டினப்பாலையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காவிரிப்பூம்பட்டினத்து வணிகரைப் புகழும்போது, அவர்களுடைய செல்வத்தை மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. வாங்கும்போது கூடுதலாக வாங்குவதில்லை, கொடுக்கும்போது குறைத்துக் கொடுப்பதில்லை, விலையை வெளிப்படையாகச் சொல்லி விற்கிறார்கள் என்கிறார். ஆக, கொடி கட்டுவது தவறன்று. கொடியில் சொன்னது கடையில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

நோட்டீஸ் எழுதும் முறை

மறுவாரம் அந்தச் சகோதரியும் கணவரும் அச்சகத்துக்கு வந்தார்கள். நான் எழுதித் தருவதற்குப் பதில் ஆறு கேள்விகள் கேட்டேன். அவர் சொன்ன விடைகளே நோட்டீஸ் ஆயின. நீங்களும் இந்தக் கேள்விகளை உங்களைக் கேட்டுக்கொள்ளலாம்.

1. என்னென்ன வேலை செய்வீர்கள்?
2. எதைச் செய்ய மாட்டீர்கள்?
3. எவ்வளவு காலமாகச் செய்கிறீர்கள்? அதை எங்கே பார்க்கலாம்?
4. என்ன கூலி?
5. எத்தனை நாள் ஆகும்?
6. தவறு நேர்ந்தால் என்ன செய்வீர்கள்?

இரண்டாவது கேள்விக்கு அவர் நெடுநேரம் யோசித்தார். பிறகு, "கல்யாணப் பட்டுச் சேலை பிளவுஸ் எடுக்க பயம் அண்ணாச்சி. ஒரு தடவை வெட்டு தப்பிட்டுன்னா துணிக்கு எங்க போக? ஆரி வேலையும் எனக்குத் தெரியாது" என்றார். "அதையே எழுதும்மா" என்றேன். கணவருக்கு அது பிடிக்கவில்லை. "தெரியாதுங்கறதையும் அச்சடிச்சா யார் சார் வருவாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவருக்கு என் கல்யாணப் பத்திரிகைக் கதையைச் சொன்னேன். கடைசியில் நோட்டீஸ் இப்படி அமைந்தது:

"வீட்டிலிருந்தே தையல். பிளவுஸ், சுடிதார் தைத்துத் தரப்படும். சேலைக்கு ஃபால்ஸ், பிகோ உண்டு. 6 ஆண்டுகளாகத் தைக்கிறேன். தைத்தவற்றை வீட்டுக்கு வந்து பார்க்கலாம். அளவு பிளவுஸ் கொண்டு வரவும். சாதா பிளவுஸ் ரூ. 250, லைனிங் வைத்தது ரூ. 450. மாடலைப் பொறுத்துக் கூலி மாறுமானால் துணி வாங்கும்போதே சொல்லிவிடுவேன். 5 நாள் வேண்டும். ஓணம், தீபாவளிக்கு முன் 10 நாள் வேண்டும். ஆரி வேலையும் கல்யாணப் பட்டு பிளவுஸும் எடுப்பதில்லை. அளவு சரியில்லை என்றால் ஒரு வாரத்துக்குள் கொண்டு வாருங்கள்; கூலி வாங்காமல் சரி செய்து தருவேன்."

இதில் "தரம்" என்ற சொல் இல்லை. "நம்பிக்கை" என்ற சொல்லும் இல்லை. ஒவ்வொரு வரியும் வாடிக்கையாளர் சரிபார்த்துக்கொள்ளக் கூடியது. 250 ரூபாய் என்றால் 250 ரூபாய்தானா, ஐந்து நாள் என்றால் ஐந்து நாள்தானா என்று முதல் பிளவுஸிலேயே தெரிந்துவிடும். தம்மைப் புகழ்ந்து எழுத வெட்கப்பட்டவருக்கு, இந்த வரிகளை எழுத வெட்கம் வரவில்லை. தகவல் சொல்வதில் தற்பெருமை ஏது?

மொழியைப் பற்றி ஒரு சொல். இங்கே நோட்டீஸ் மலையாளத்திலும் இருக்க வேண்டும். ஆனால் தமிழ்ச் சொல்லை மலையாள எழுத்தில் போட்டால் மலையாளம் ஆகிவிடாது. நமக்கு "அவசரம்" என்றால் உடனடி. அவர்களுக்கு அது வாய்ப்பு. நமக்குச் "சம்சாரம்" என்றால் மனைவி, அவர்களுக்குப் பேச்சு. ஆகவே மலையாளம் நன்கு தெரிந்தவர் ஒருவரிடம் காட்டிய பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.

செய்யத் தகாதவை

வாட்ஸ்அப்பில் அனுப்புவோர் நினைவில் கொள்ள வேண்டியவை சில உண்டு. நம் சங்கக் குழுவிலும் குடியிருப்புக் குழுவிலும் நாள்தோறும் விளம்பரம் போட்டால், உறவும் போகும் வியாபாரமும் போகும். அனுமதி கேட்டு ஒருமுறை போடுங்கள்; புதிய செய்தி இருந்தால் மறுபடி போடுங்கள். நாம் தைத்த துணி, நாம் செய்த பண்டம் ஆகியவற்றின் படத்தை மட்டும் போடுங்கள். வேறெங்கோ கண்ட படம் வேண்டாம். வாடிக்கையாளர் அந்த உடையில் நிற்கும் படம் என்றால், அவரைக் கேட்காமல் போடவே கூடாது. அவர் பாராட்டிச் சொன்னதைப் போடுவதற்கும் அவ்வாறே.

சொந்தக்காரர்களை விட்டுப் பாராட்டு எழுதச் சொல்வது இப்போது வழக்கமாகி வருகிறது. அது பொய்ச்சாட்சி. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், மக்களைத் தவறாக எண்ண வைக்கும் விளம்பரம் எது என்று விளக்குகிறது. பொருளையோ சேவையையோ பொய்யாக விவரிப்பது, பொய்யான உத்தரவாதம் தருவது, முக்கியமான செய்தியை வேண்டுமென்றே மறைப்பது ஆகியவை அதில் அடங்கும். "15 ஆண்டு அனுபவம்" என்று விளையாட்டாக எழுதுவதும் இதன்படி விளையாட்டு அன்று.

நம் பிள்ளைகளுள் வழக்கறிஞர், மருத்துவர், பட்டயக் கணக்கர் ஆகியோர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. சான்றாக, வழக்கறிஞர்கள் வேலை கேட்டு விளம்பரம் செய்வதைப் பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. 2008இல் செய்த திருத்தத்தின்படி தங்களைப் பற்றிய சில அடிப்படை விவரங்களை இணையத்தளத்தில் தரலாம். ஆகவே அவர்கள் தத்தம் மன்றத்தின் விதியைப் பார்த்த பிறகே எதையும் வெளியிட வேண்டும்.

இதற்கு நேர்மாறான தவறும் ஒன்று உண்டு. அது நம்மவர்களிடம் அதிகம். அடக்கம் என்று நினைத்துக்கொண்டு கூலியைச் சொல்லாமல், "நீங்க பார்த்துக் கொடுங்க" என்பது. கேட்பதற்கு இனிமையாக இருக்கும். ஆனால் கொடுப்பவருக்கு எவ்வளவு கொடுப்பது என்ற சங்கடம். வாங்குபவருக்குக் குறைவாகக் கிடைத்தால் மனவருத்தம். அந்தச் சகோதரி ஆறு ஆண்டுகளாக இப்படித்தான் தைத்துக் கொடுத்திருக்கிறார். சங்கத்துப் பெண்கள் சிலர் நூல் விலைக்குக்கூடப் போதாத பணம் கொடுத்ததுண்டு. அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களுக்கு யாரும் கூலியைச் சொல்லவில்லை. தெரிந்தவர்களிடமும் கூலியை முதலிலேயே சொல்வதுதான் நட்பைக் காப்பாற்றும்.

முடிவாக

இந்த நோட்டீஸை ஐம்பது படிகள் மட்டும் அடித்தோம். தம் குடியிருப்பிலும் பக்கத்துத் தெருக்களிலும் அவர் நேரில் போய்க் கொடுத்தார். முதல் மாதம் பதினொரு பிளவுஸ் வந்தன. அவற்றுள் ஒன்றுக்குக் கை இறுக்கமாக இருந்தது. நோட்டீஸில் சொன்னபடியே கூலி வாங்காமல் பிரித்துத் தைத்துக் கொடுத்தாராம். அந்த அம்மாள் அடுத்த வாரம் தம் மகளையும் அழைத்து வந்தார். மூன்று பேர் கல்யாணப் பட்டுத் துணி கொண்டு வந்து, முடியாது என்று கேட்டுத் திரும்பிப் போனார்கள். குடும்பச் செலவு முழுவதற்கும் இந்த வருமானம் இன்னும் போதாது. கணவரும் வேலை தேடிக்கொண்டிருக்கிறார். ஆனால் போன கூட்டத்தில் அந்தச் சகோதரியைப் பார்த்தபோது தலை குனியவில்லை. "ஆரி வேலை படிக்கச் சேர்ந்திருக்கேன் அண்ணாச்சி. படிச்சு முடிச்ச பொறவு அந்த வரியை எடுத்துருவோம்" என்றார்.

பயிற்சி

1. மேலே தந்த ஆறு கேள்விகளுக்கும் உங்கள் தொழிலை வைத்து விடை எழுதுங்கள். விடை ஒவ்வொன்றும் ஒரு வரிக்கு மேல் போக வேண்டாம்.

2. எழுதியதில் வாடிக்கையாளர் சரிபார்க்க முடியாத சொற்களை அடிக்கோடிடுங்கள். அவற்றை நீக்கி, அந்த இடத்தில் ஓர் எண்ணையோ தேதியையோ போட முடியுமா என்று பாருங்கள்.

3. கடந்த ஓராண்டில் நீங்கள் சொன்ன தேதிக்குக் கொடுக்க முடியாத வேலைகள் எத்தனை? குறிப்பேடு இல்லாதவர்கள் இன்றே ஒன்று தொடங்குங்கள். வாங்கிய தேதி, சொன்ன தேதி, கொடுத்த தேதி என்று மூன்று பத்தி போதும்.

4. உங்கள் வேலையைப் புதியவர் ஒருவர் வந்து பார்க்க விரும்பினால், எதைக் காட்டுவீர்கள்? எங்கே காட்டுவீர்கள்?

5. உங்களுக்குத் தெரிந்த தொழில் நுணுக்கங்களுள் ஒன்றை, மற்றவர்களுக்குப் பயன்படும்படி பத்து வரிகளில் எழுதுங்கள். நம் இதழுக்கே அனுப்பலாம்.

விடைகளை எழுதி அடுத்த கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். நோட்டீஸாக அமைத்துப் பிழை திருத்தித் தருவது என் பொறுப்பு. அதற்குக் கூலி இல்லை. அச்சடிக்க வேண்டுமானால் கூலி உண்டு. எவ்வளவு என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.